பம்பைக் கழற்றும் முன்

அமெரிக்காவில் ஓய்வுபெற்றவர்கள் பலர் டிரெய்லரையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். குளிர்காலம் வந்தால் அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனம் அவர்களால் நிறைந்துவிடும். லாரியிலிருந்து கழற்றிய டிரெய்லரின் முன்பாரத்தைப் பல வண்டிகளில் தாங்குபவை ஹைட்ராலிக் கால்கள். பொத்தானை அழுத்தியும் அவை இறங்காவிட்டால் முதல் பழி அவற்றை இயக்கும் பம்பின் மீதுதான் விழும்.

பல நேரங்களில் அது அநியாயப் பழி.

12 வோல்ட்டில் ஓடும் பம்பு மோட்டார், சுமை ஏறும்போது 100 ஆம்பியர் வரைகூட இழுக்கும். அப்போது வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் காணாமல் போகும். பூத்துப்போன ஓர் எர்த் முனை போதும். சும்மா கிடக்கும் பேட்டரி மல்டிமீட்டரில் 12.6 காட்டுவதை நம்பி என்ன பயன்? ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க, மோட்டாரின் முனைகளிலேயே அளக்க வேண்டும். பேட்டரியில் 12, மோட்டாரில் 9 என்றால் கோளாறு இடையில்தான். மோட்டாருக்கு மின்சாரம் விடும் சொலினாய்டு 'டிக்' என்றும் மோட்டார் அசையாவிட்டால், உள்ளே கருகிய தொடுமுனையைச் சந்தேகிக்கலாம். சத்தமே இல்லாவிட்டால் ஃபியூஸையும் சுவிட்சையும் பார்க்க வேண்டும். (முட்டுக் கொடுக்காமல் டிரெய்லருக்கு அடியில் நுழைவது தற்கொலைக்குச் சமம்.)

இத்தகைய வண்டிகள் பெருமளவில் தயாராவது இந்தியானாவின் எல்க்கார்ட் பகுதியில். சமையலறை மேடைக்குப் பளபளப்பு ஏற்றும் தயாரிப்பாளர்கள், பம்புக் கதவின் உட்புறம் ஒரு வயரிங் வரைபடம் ஒட்டிக் கொடுக்கட்டும். அதற்கு ஆகும் செலவு சில காசுகள்தான்.