அப்பாவுக்கு இல்லாத பாலிசி மகனுக்கு எதுக்கு?

வேப்பந்தட்டை பக்கம் ஒரு பையன் காலேஜில் சேர்ந்தால் போதும், வீட்டுக்கு ஏஜென்ட் வந்துவிடுவார். பாதி நேரம் அவர் சொந்தக்காரராகவும் இருப்பார். அங்கேதான் சிக்கலே... சித்தப்பாவிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது?

"பையன் பேர்ல ஒண்ணு போட்ருவோம்ணே. சின்ன வயசு, பிரீமியம் கம்மி." அப்பாவும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். வருஷம் 12,000 ரூபாய், இருபது வருஷம்.

சரி, அந்த வீட்டில் யார் சம்பாத்தியத்தில் உலை கொதிக்கிறது? பருத்திக்கு மருந்தடிக்கிற, மக்காச்சோளத்துக்குக் கடன் வாங்கி வைத்திருக்கிற அப்பா. அவர் உயிருக்கு ஒரு ரூபாய் காப்பீடு கிடையாது. அரியர் பேப்பரையே இன்னும் முடிக்காத மகனுக்கு பாலிசி! சம்பாதிக்கிறவர் போய்விட்டால் நின்றுபோகும் வருமானத்துக்கு ஈடுதான் ஆயுள் காப்பீடு. இல்லாத வருமானத்துக்கு என்ன ஈடு?

"சேமிப்பும் ஆச்சுல்ல" என்பார்கள். கணக்குப் போட்டால் தெரியும். எண்டோமென்ட் பாலிசிகள் போனஸோடு சேர்த்துக் கொடுப்பது பெரும்பாலும் 5, 6 சதவீதம். 5.5 என்றே வைத்தால் இருபது வருஷத்தில் சுமார் 4.41 லட்சம். பி.பி.எஃப். வட்டி 2020 ஏப்ரல் முதல் 2025 வரை 7.1 சதவீதமாக இருந்தது. அதே வட்டி தொடர்ந்தால் அதே பணம் 5.33 லட்சம். "வரி மிச்சம்" என்பது இன்னும் பெரிய ஜோக். விவசாய வருமானத்துக்கு வருமான வரியே கிடையாது. பையனுக்கோ வருமானமே கிடையாது :-)

எல்.ஐ.சி. மேல் கோபமில்லை. 1956-ல் ஆரம்பித்தது, அரசாங்க உத்தரவாதம் உண்டு, பணம் எங்கும் ஓடிவிடாது. கோபம், தப்பான ஆள் பேரில் தப்பான பாலிசியை விற்பதில்தான்.

அந்தப் பன்னிரண்டாயிரத்தில் செய்யவேண்டிய முதல் செலவு 436 ரூபாய். பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம், 2015-ல் வந்தது. 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம், பேங்க் கணக்கு இருந்தால் போதும், 2 லட்சம் காப்பீடு. முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டும்தான் கிடைக்கும். அப்பாவுக்கு 48 வயசா? உடனே சேர்க்கவேண்டும். 2 லட்சம் போதாதுதான். அதற்கு மேல் அப்பா பேரில் டேர்ம் பாலிசி கிடைக்குமா என்று பார்க்கலாம். அதையெல்லாம் ஏஜென்ட் தானாகச் சொல்லமாட்டார். சின்ன பிரீமியத்தில் கமிஷன் என்ன தேறும்?

மகனுக்கு எப்போது? வேலைக்குப் போய், அப்பா அம்மா அவன் பணத்தை நம்பி இருக்கும்போது. அப்போது டேர்ம் பாலிசி. இளம் வயசில் எடுத்த பிரீமியம் கடைசிவரை ஏறாது என்பது அங்கே நிஜமான லாபம். சிகரெட், வியாதி எதையும் மறைக்காமல் எழுதவேண்டும், பிற்பாடு கிளெய்ம் வாங்கப் போவது அம்மா.

ஏற்கனவே கையெழுத்துப் போட்டாச்சா? பத்திரம் கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லையென்றால் எழுதிக் கொடுத்துத் திருப்பிவிடலாம், சின்னப் பிடித்தம் போக பணம் வந்துவிடும். சித்தப்பா கோபித்துக்கொள்வார். தீபாவளிக்குள் பேசிவிடுவார்.