நொச்சிப் பூ விழும் ஓசை

போன வாரம் தோழி ஒருத்தி கூப்பிட்டாள். அவள் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருக்கா. காலையில ஆறு மணிக்கே எந்திரிச்சுப் பாட்டு வேற பாடுறா. டாக்டர்கிட்ட காட்டலாமாடி?" என்றாள். பாட்டு என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்துதான் இருக்கும். யாராவது சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

எனக்கு அந்தத் தூக்கம் 19 வயதில் போயிற்று. எங்கள் வீடு தஞ்சாவூரில். நான் விரும்பியவர் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். இரவு 11 மணிக்கு மேல்தான் எஸ்.டி.டி. கட்டணம் கால் பங்காகக் குறையும் காலம் அது. பூத்தில் வரிசையில் நின்று அவர் முறை வரப் பதினொன்றரை ஆகிவிடும். எங்கள் போன் கூடத்தில் இருந்தது. முதல் மணி அடித்து முடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பதற்காகப் பத்து மணியிலிருந்தே இருட்டில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பேசுவது மூன்று நிமிடம். பேசி முடித்தபிறகும் தூக்கம் வராது. சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கேட்டுக்கொண்டு கிடப்பேன். சுவர்க் கடிகாரம், பல்லி, கொல்லையில் தென்னை மட்டை உரசுவது, தூரத்து ரயில் என்று அந்த வீட்டின் இரவுச் சத்தங்கள் எல்லாமே அந்த வருஷம்தான் எனக்குப் பழக்கமாயின.

பல வருஷம் கழித்துக் குறுந்தொகையில் கொல்லன் அழிசியின் பாட்டைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 138வது பாட்டு. ஊர் உறங்கிவிட்டது, நாங்கள் உறங்கவில்லை என்கிறாள் தலைவியின் தோழி. வீட்டை ஒட்டி நிற்கும் நொச்சியிலிருந்து பூக்கள் விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டே இருந்தோம் என்கிறாள். நொச்சிப் பூவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீலம் பாய்ந்த சின்னஞ்சிறு பூ அது, உள்ளங்கையில் உதிர்ந்தால்கூடக் கனம் தெரியாது. அது மண்ணில் விழுவது காதில் கேட்கிறது என்றால் அந்தக் காது எவ்வளவு நேரமாக, எந்தக் காலடிக்காகத் திறந்து கிடந்திருக்க வேண்டும்! ஏங்குகிறேன் என்றோ, வருவான் என்றோ ஒரு வார்த்தை இல்லை. பூ விழுந்தது, கேட்டோம், அவ்வளவுதான்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், காதல் கொண்டவளிடம் தென்படும் குறிகளை அடுக்கும்போது இதற்குக் கொடுக்கும் பெயர் 'கண்துயில் மறுத்தல்'. எனக்கு இந்தச் சொல்லின் மேல் பெரிய மரியாதை உண்டு. தூக்கம் வராமல் தவிப்பது வேறு, வருகிற தூக்கத்தைக் கண் மறுப்பது வேறு. முன்னது கவலை, வலி, கடன் இவற்றோடு சேர்ந்தது. பின்னதில் உடம்பு தானே விரும்பிக் காவல் இருக்கிறது.

இது கவிதைக்காகச் சொன்னது மட்டுமல்ல. 2005இல் ஹெலன் ஃபிஷர், ஆர்தர் ஆரன், லூசி பிரவுன் ஆகியோர் புதிதாகக் காதல்வசப்பட்ட 17 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அவரவர் காதலரின் படத்தைக் காட்டினார்கள். நடுமூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் குவிந்திருக்கும் இடம் உயிர்பெற்றது. அதே செல்களை 2016இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எலிகளிடம் அடக்கிப் பார்த்தார்கள். பக்கத்தில் இணை எலியை விட்டாலும், பிடித்த தீனியை வைத்தாலும், நரியின் வாடையைக் காட்டினாலும் அவை அசையவில்லை. பஞ்சைச் சேர்த்துக் கூடு கட்டிக்கொண்டு தூங்கப் போய்விட்டன. கிடைக்கப்போவது முக்கியமானது என்று அந்தச் செல்கள் சொல்லிக்கொண்டிருக்கும் வரைதான் விழிப்பு நிற்கிறது.

தோழிக்கு நான் சொன்னது சுவிட்சர்லாந்துப் பிள்ளைகளைப் பற்றி. காதலின் ஆரம்ப வேகத்தில் இருக்கும் பதின்பருவத்தினரை அங்கே ஆராய்ந்து 2007இல் எழுதியிருக்கிறார்கள். வார நாட்களில் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் தூங்கினார்கள். ஆனால் நன்றாகத் தூங்கினோம் என்றார்கள். பகலில் சோர்வு குறைவு, கவனம் அதிகம். உன் மகள் ஆறு மணிக்குப் பாடுகிறாள் அல்லவா, அதுதான் இது என்றேன். பாட்டு நின்று, சாப்பாடு இறங்காமல், பகலெல்லாம் சுருண்டு படுத்தால் அப்போது உடனே கூட்டிக்கொண்டு ஓடு. அது மறுத்தல் அல்ல, அந்த விழிப்பு ஆளைத் தின்றுவிடும்.

காமத்துப்பாலில் கண்விதுப்பழிதல் அதிகாரத்தில் ஒருத்தி, அவர் வராவிட்டாலும் கண் மூடுவதில்லை, வந்தாலும் மூடுவதில்லை என்று முறையிடுகிறாள். ஒரு போனுக்கு இந்தப் பக்கம் காத்திருந்தவளுக்கு இதற்கு உரை வேண்டாம். அகநானூற்றில் பரணரோ, காதலர் சந்திக்க முடியாதபடி இரவில் யார் யாரெல்லாம் விழித்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியலே போடுகிறார். திருவிழா இல்லாத நாளிலும் ஊர் தூங்காது, ஊர் தூங்கினால் அம்மா தூங்க மாட்டாள், பிறகு காவலர், நாய், நிலா.

எங்கள் கூடத்தில் அந்த இடத்தில் பாட்டி இருந்தாள். போனுக்கு நாலடி தள்ளிப் பாய் விரித்துப் படுத்திருப்பாள். தூங்குகிறாள் என்றே நினைத்துக்கொண்டு நான் குசுகுசுவென்று பேசினேன். தாத்தா போய் ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் கடைசியாக உடுத்தியிருந்த நாலு முழ வேட்டியைத் தலையணைமேல் மடித்துப்போட்டு, அதில் கன்னத்தை வைத்துத்தான் படுப்பாள். அது ஏதோ சாங்கியம் என்று இருந்துவிட்டேன்.

2020இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். துணைவர் ஒரு நாள் முழுக்க அணிந்திருந்த டி-ஷர்ட்டைத் தலையணை உறையாகப் போட்டுத் தூங்கச் சொன்னார்கள். அந்த வாசனை இருந்த இரவுகளில் அவர்கள் படுக்கையில் புரண்ட நேரம் குறைந்தது, தூக்கம் சராசரியாக ஒன்பது நிமிடத்துக்கு மேல் கூடியது. படித்ததும் எனக்கு அந்த வேட்டிதான் நினைவுக்கு வந்தது.

ஒருநாள் அம்மா, பழுப்பேறிப்போயிற்றே என்று அதையும் மற்ற துணிகளோடு ஊறவைத்துத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டாள். சாயங்காலம் பாட்டி அதை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். "நல்லா வெளுத்திருக்கு" என்று மட்டும் சொன்னாள். அன்று ராத்திரி போன் வரவில்லை. நான் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். நாலடி தள்ளிப் பாய் சரசரத்துக்கொண்டே இருந்தது.

"இன்னிக்கு வரலியா?" என்றாள் பாட்டி, கண்ணைத் திறக்காமலே.

"இல்ல பாட்டி."

"சரி, இங்க வந்து படு."