பணிப்பெண்ணின் கைகள்

பிளாரன்ஸ் நகரத்து உபீஸி சித்திரசாலையில் ஒரு படம் இருக்கிறது. மென்மனம் படைத்த நேயர்கள் முதற் பார்வையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடும். ஆர்த்தமீஸியா ஜென்டிலெஸ்கி என்ற இத்தாலிய மாது ஏறக்குறைய 1620-ஆம் ஆண்டில் தீட்டியது. யூதித் என்னும் யூத விதவை, சேனாதிபதி ஹோலோபெர்னஸின் சிரத்தைக் கொய்கிறாள். வெள்ளை விரிப்பில் இரத்தம் வழிந்தோடுகிறது.

கதை கத்தோலிக்கரின் பைபிளில் உள்ளது. (பிராடெஸ்டண்டுகள் அதைத் தள்ளுபடி ஆகமங்களில் சேர்ப்பர்.) பெத்துலியாவை முற்றுகையிட்ட சேனாதிபதி, ஊரின் நீரூற்றுகளைக் கைப்பற்றினான். ஐந்து நாளில் தெய்வ சகாயம் கிட்டாவிடில் சரணடைவதென்று பெரியோர் முடிவு செய்தனர். யூதித் ஆபரணம் பூண்டு, பணிப்பெண்ணோடு பகைவன் பாசறை புகுந்து, மதுமயக்கத்தில் கிடந்தவனை அவன் வாளாலேயே வெட்டினாள். பணிப்பெண் அப்போது வெளியே காத்து நின்றாள் என்றே நூல் சொல்லுகிறது.

இந்த இடத்தில்தான் ஆர்த்தமீஸியா நூலை மீறுகிறார். பணிப்பெண்ணை உள்ளே வரவழைத்து, உடற்பாரம் முழுவதையும் அவன்மேல் வைத்து அழுத்தச் செய்கிறார். அவளும் இளம்பெண். இதே காட்சியைச் சுமார் 1599-ல் தீட்டிய கரவாஜ்ஜியோ, அவளைக் கிழவியாக்கி, துணியும் கையுமாக ஓரத்தில் நிறுத்திவிட்டார். அவருடைய யூதித் அருவருத்துப் பின்வாங்கியவாறே வெட்டுகிறாள். அப்படிப் பிடித்தால் கத்திரிக்காய்கூட நறுக்க முடியாது! ஆர்த்தமீஸியாவின் யூதித்தோ சட்டைக் கைகளை மேலே சுருட்டிக்கொண்டிருக்கிறாள். புருவத்தின் சுளிப்பு, கடினமான வேலையில் கருத்தூன்றியவரின் சுளிப்பு.

ஆர்த்தமீஸியாவைப் பலவந்தம் செய்த ஓவியன் அகோஸ்தினோ தாஸ்ஸிமேல் 1612-ல் ரோமாபுரியில் விசாரணை நடந்தது. சாட்சி சொன்ன அவர் விரல்களையே, உண்மையைச் சோதிப்பதாகக் கூறிக் கயிற்றால் நெரித்தார்கள். அந்தக் கோபமே இப்படம் என்று பலர் எழுதியிருக்கின்றனர். நமக்கு அது போதவில்லை. விசாரணையை ஒட்டிய காலத்தில் தீட்டிய முதற்படம் நேப்பிள்ஸில் இருக்கிறது. சில ஆண்டுகள் சென்றபின், உடையின் வர்ணத்தையும் இரத்தம் பீறிடும் விதத்தையும் மாற்றி, மறுபடி தீட்டியிருக்கிறார். இது தொழிலில் தேர்ந்தவர் செய்யும் காரியம். கரவாஜ்ஜியோ 1606-ல் ஒருவனைக் கொன்றவர். ஆயினும் அவருடைய ஒளியையும் நிழலையும் பற்றியே முதலில் பேசுகிறோம். ஸ்திரீயின் படம் என்றதும் அவள் பட்ட துன்பத்தை முதலில் தேடுவானேன்?

படத்தை மறுபடி காணும் நேயர்கள் அந்தப் பணிப்பெண்ணைக் கவனிக்க வேண்டுகிறோம். சேனாதிபதியின் முஷ்டி அவள் கழுத்தருகே எழுகிறது. அவள் பிடியை விடவில்லை.