'ஒன்று, இரண்டு' என்று கத்தினால் போதுமா?



மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் விடியற்காலையில் ஆறு பேருக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிறேன். பயிற்சியாளர் அண்ணன் ஒருவருக்கு எடுபிடியாகச் சேர்ந்தேன். இப்போது இந்தக் குழு என் பொறுப்பு. "டிப்ளமா படிக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையாடா?" என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். வேலைதான். அதை முதல் மாதம் நான் எவ்வளவு தப்பாகச் செய்தேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முன்னால் நின்று நானே எல்லாம் செய்வேன். இருபது வரை கத்தி எண்ணுவேன். எனக்கு இருபது என்றால் ஆறு பேருக்கும் இருபது! ஐம்பது வயது அம்மா ஒருவர் உட்கார்ந்து எழும்போது முழங்கால் இரண்டும் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. நான் பார்க்கவே இல்லை. எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து மூன்று வாரம் அவர் வரவில்லை. முழங்கால் வீக்கமாம்.

என் அப்பா கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர். பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர். வீட்டில் நான் அரிசி மூட்டையை நகர்த்தியதைப் பார்த்து, "உடம்போட ஒட்டித் தூக்குடா, கையை நீட்டினா இடுப்பு போயிடும்" என்றார். நாம் அப்ளைடு மெக்கானிக்ஸில் படித்த மொமென்ட்தானே இது? 10 கிலோ எடையை இடுப்பிலிருந்து 20 சென்டிமீட்டரில் பிடித்தால் சுமார் 20 நியூட்டன் மீட்டர். 50 சென்டிமீட்டரில் பிடித்தால் 49. எடை அதேதான்! பரீட்சையில் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்ட நான் பூங்காவில் கோட்டை விட்டேன்.

இதே சென்னையில் வாழ்ந்து 1989-இல் மறைந்த யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார், ஆளுக்கு ஏற்றபடிதான் பயிற்சி அமைய வேண்டும் என்றவர். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய யோக மந்திரம், பூங்காவுக்கு அதிக தூரமில்லாத மந்தைவெளியில்தான் இருக்கிறது.

ஆகவே என் கட்சி இது: குழுவை நடத்துகிறவன் கூடவே பயிற்சி செய்யக்கூடாது. ஒருமுறை செய்து காட்டிவிட்டு, சுற்றி வந்து பார்க்க வேண்டும். முழங்கால், முதுகு, மூச்சு. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. மிதமான பயிற்சிக்கு அதுதான் அளவு. (எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற மாமா ஒருவர் நடக்கும்போதே ராக ஆலாபனை செய்கிறார். அவருக்கு வேகத்தைக் கூட்டிவிட்டேன்.)

இப்படிப் பார்க்க எனக்கு ஆறு பேர்தான் சரி. அண்ணனோ பதினைந்து பேரைச் சேர்க்கச் சொல்கிறார். சேர்த்தால் என் செமஸ்டர் கட்டணத்துக்கு அப்பாவிடம் கை நீட்ட வேண்டாம். இரண்டு ராத்திரி யோசித்துவிட்டு முடியாது என்றேன். அவருக்குக் கோபம். வேறு ஆள் பார்த்தாலும் பார்ப்பார்.

போன திங்கட்கிழமை அந்த அம்மா திரும்ப வந்தார். டாக்டர் சரி என்றாராம். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து எழச் சொல்லி, பக்கத்தில் குனிந்து முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது முறை கொஞ்சம் சாய்ந்தது. "போதும்மா" என்றேன்.