புடவைக்கு ஐந்து மொழி, வைத்தியத்துக்கு?

எங்கள் காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். தெலுங்கோ, கன்னடமோ, இந்தியோ, நீங்கள் பேசும் மொழியிலேயே பதில் சொல்லிப் புடவையை விரித்துப் போடுவார்கள். அதே ஊரில், உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் போகும் வெளிமாநிலப் பெண்ணுக்கு யார் பேசுவது?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வடக்கேயிருந்து நிறையப் பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் போர்ஷனிலும் ஒரு பீகார் குடும்பம். அந்தப் பெண்ணுக்கு டாக்டரிடம் பேசுவது, இங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்ற பத்து வயது மகன்தான். "அம்மாவுக்கு வயித்து வலி"ன்னு மட்டும் சொல்வான். மூன்று மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை என்பதைப் பெற்ற பிள்ளையிடம் எந்தத் தாய் சொல்வாள்? இந்தி தெரிந்த ஒரு நர்ஸ் தனியே விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் ரத்தசோகை முற்றிவிட்டது, பாவம்.

அரைகுறை மொழியும் ஆபத்துதான். இந்தியில் 'சக்கர்' என்றால் தலைசுற்றல். நம் காதிலோ 'சர்க்கரை' என்று விழும்! 1980-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 18 வயதுப் பையனை மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல நினைத்து, வீட்டார் ஸ்பானிஷில் 'இன்டாக்சிகாடோ' என்றார்கள். டாக்டர்கள் போதை மருந்து என்று புரிந்துகொண்டார்கள். உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. அது தெரிவதற்குள் கைகால் விளங்காமல் போய்விட்டது.

ஆஸ்திரேலியாவில் 1973-லேயே டெலிபோன் மூலம் மொழிபெயர்த்துச் சொல்லும் அரசாங்க ஏற்பாடு வந்துவிட்டது. இன்று அதில் தமிழும் உண்டு, சோமாலியும் உண்டு. நம் ஊரில் நம்மால் ஆனதைச் செய்யலாமே, சகோதரிகளே!

அந்த மொழி நன்றாகத் தெரிந்த நர்ஸோ டாக்டரோ இருக்கிறாரா என்று மருத்துவமனையில் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் போகட்டும். பெண்கள் சமாசாரத்துக்குப் பெண்ணே போகட்டும். குழந்தைகள் வேண்டாம்.

துணைக்குப் போகிறவர் நீங்கள்தான் என்றால், அவள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். புரியாத வார்த்தையை ஊகிக்காதீர்கள், திருப்பிக் கேளுங்கள். மாத்திரை எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதை அவள் வாயாலேயே ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள்.

முக்கியமாக, அங்கே காதில் விழுந்தது குழாயடிக்கு வரவே கூடாது. வந்துவிட்டால், அடுத்த முறை அவள் வாயே திறக்கமாட்டாள்.