முதலில் பதிந்தவர்களுக்கு என்ன பதில்?

2025 ஜூலை 1 முதல் அபராதம் 300 ரிங்கிட். வாகன நுழைவு அனுமதி இல்லாமல் ஜொகூருக்குள் வரும் சிங்கப்பூர்க் கார்களுக்கு இனி எச்சரிக்கைக் கடிதம் கிடையாது. பணத்தைக் கட்டிய பிறகுதான் எல்லையைத் தாண்டித் திரும்ப முடியும். வழக்கு நீதிமன்றம் போனால் 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். இந்த விஷயத்தில் 2019 முதல் ஆறு ஆண்டுகளாக நடந்தவற்றை நாம் பார்க்காமல் இருந்திருந்தால், ஜூன் 4ஆம் தேதி வந்த அறிவிப்பைத் தயங்காமல் வரவேற்றிருப்போம்.

விதியில் நமக்கு மாறுபாடு இல்லை. நம் மலேசியச் சாலையில் ஓடும் வெளிநாட்டு வாகனம் யாருடையது என்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு. வேகக் கட்டுப்பாட்டை மீறிவிட்டு, சம்மன் வீடு தேடி வராது என்ற தைரியத்தில் கடற்பாலம் ஏறிப் போனவர்கள் ஏராளம். போலி எண் பலகையோடு ஓடும் திருட்டுக் கார்களும் உண்டு. நம் கார்கள் உட்லண்ட்ஸில் நுழையும்போது சிங்கப்பூர் கேட்பதைத்தான் நாமும் கேட்கிறோம். இதில் எவரும் நம்மைக் குறைகூற முடியாது.

ஆனால் 2019ஐ யார் மறப்பது? அந்த ஆண்டு அக்டோபரில் விதி அமலுக்கு வரும் என்று மே மாதமே அறிவித்தார்கள். அதை நம்பியவர்கள் உடனே இணையத்தில் பதிந்தார்கள். பதிவோடு வேலை முடியவில்லை. அனுமதிக்கான ஆர்எஃப்ஐடி வில்லையைக் காரில் ஒட்டிக்கொள்ள ஜொகூரில் உள்ள மையத்தில் நாளும் நேரமும் வாங்க வேண்டியிருந்தது. இணையத்தளம் திணறியது. நேரம் கிடைத்தவர்கள் வேலைக்கு விடுப்புப் போட்டு, பாலத்து நெரிசலில் நின்று, இந்தப் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டு போனார்கள். 10 ரிங்கிட் கட்டினார்கள். ஐந்தாண்டுகளுக்குச் செல்லும் என்று சொல்லி அனுப்பினோம். அக்டோபர் வந்தது, விதி வரவில்லை. ஒத்திவைத்தார்கள். 2020 மார்ச்சில் கொள்ளைநோய் எல்லையையே மூடியது. 2022 ஏப்ரலில் எல்லை திறந்து கார்கள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, இந்த வில்லையைப் பற்றிப் பேசவே ஆள் இல்லை.

வில்லையைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கார்க் கண்ணாடியிலோ முன்விளக்கிலோ ஒட்டும் மெல்லிய தாள் அது. ஒருமுறை ஒட்டினால் அந்தக் காரோடு சரி. பிரித்தெடுத்தால் உள்ளே இருக்கும் கம்பி அறுந்து பயனற்றுப் போகும். கண்ணாடி உடைந்து மாற்றினால் புதிது வாங்க வேண்டும். காரை விற்றாலும் புதிது வாங்க வேண்டும். சிங்கப்பூரில் ஒரு காரின் உரிமச் சான்றிதழுக்கே பத்தாண்டுதான் ஆயுள். இடையிலேயே காரை மாற்றுகிறவர்கள் பலர். ஆக, 2019இல் நம் சொல்லை நம்பி வில்லை ஒட்டியவர்களில் ஒரு பகுதியினர் அதை ஒருநாள்கூடப் பயன்படுத்தாமலேயே காரோடு சேர்த்துக் கைவிட்டிருப்பார்கள். காரை மாற்றாமல் வைத்திருந்தவர்களின் கணக்கு அதைவிட மோசம். அவர்களின் ஐந்தாண்டு 2024இல் முடிந்தது. அந்த ஐந்தாண்டுகளில் எந்த அதிகாரியும் அந்த வில்லையைக் கேட்கவில்லை. விதி அமலுக்கு வரும் நேரத்தில் வில்லை காலாவதி. மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் கட்டணம், மறுபடியும் காத்திருப்பு.

ஜொகூர் பாருவில் நம்மைச் சந்தித்த வாசகர் ஒருவர் தம் காரின் முன்விளக்கைக் காட்டினார். வெயிலில் வெளுத்து ஓரம் சுருண்ட பழைய வில்லை, அதன் பக்கத்திலேயே புதியது. “முதல் ஆளாக ஒட்டினேன். என் தம்பி ஒட்டவே இல்லை. ஆறு வருஷம் அவனும் வந்துபோனான், நானும் வந்துபோனேன். அவனுக்கு ஒரு காசு செலவில்லை” என்றார். இதற்குப் போக்குவரத்து அமைச்சு என்ன பதில் வைத்திருக்கிறது? ஒரு பதிலும் இல்லை. முதலில் பதிந்தவர்களைப் பற்றிப் பேசாமல் விட்டால் அவர்களே மறந்துவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள்.

பத்து ரிங்கிட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு அரசு தேதி சொல்லி, அதை நம்பியவர் நேரமும் பணமும் செலவழித்து, நம்பாதவர் ஒன்றும் இழக்காமல் இருந்தால், அடுத்த முறை எத்தனை பேர் அந்த அரசை நம்புவார்கள்? இந்தக் கேள்விக்கு 2024இலேயே விடை கிடைத்தது. அந்த மே மாதம் மறுபடியும் அறிவிப்பு: அக்டோபர் 1 முதல் கட்டாயம். முதலில் பெரும்பாலோர் அசையவே இல்லை. 2019 அவர்களுக்குப் பாடம் கற்றுக்கொடுத்திருந்தது. நாள் நெருங்க நெருங்க அச்சம் வந்து, டங்கா பே அலுவலகத்தில் கூட்டம் குவிந்தது. வயதானவர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். மின்னஞ்சல் வரவில்லை, பெயர் பொருந்தவில்லை, விண்ணப்பம் என்ன ஆயிற்றென்று தெரியவில்லை என்று ஆளுக்கொரு முறையீடு. அப்படி நின்று வாங்கிய பிறகு, செப்டம்பர் இறுதியில் அறிவித்தார்கள்: அக்டோபர் 1இல் அபராதம் இல்லை, வில்லை இல்லாத கார்களும் உள்ளே வரலாம், திரும்பும்போது ஒரு நினைவூட்டுக் கடிதம் தருவோம், அவ்வளவுதான்.

வரிசையில் நின்றவர்களின் முகத்தில் இரண்டாவது முறையாகக் கதவைச் சாத்தினார்கள். இரண்டு முறையும் ஏமாந்தவர்கள் விதியை மதித்தவர்கள்.

ஒன்பது மாதம் கடிதம் கொடுத்துவிட்டு, 2025 ஜூன் 4 அன்று அறிவித்து, 27 நாள் அவகாசத்தில் திடீரென்று கடுமை காட்டினார்கள். அந்த 27 நாளையாவது யோசித்துத் தேர்ந்தெடுத்தார்களா? சிங்கப்பூரில் அது ஜூன் பள்ளி விடுமுறை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கும் பினாங்குக்கும் கேமரன் மலைக்கும் போன குடும்பங்கள் அப்போது நம் நாட்டுக்குள்தான் இருந்தன. சிங்கப்பூர் முகவரிக்குத் தபாலில் வரும் வில்லையை அவர்கள் எங்கிருந்து வாங்கி ஒட்டுவார்கள்?

விடுமுறைக்கு வந்தவர்களாவது சில நாளில் திரும்பிவிடுவார்கள். நீண்ட நாள் தங்குபவர்களின் நிலையை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கடற்பாலத்தின் இரு பக்கமும் கால் ஊன்றிய குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! குளுவாங்கிலும் சிகாமட்டிலும் பெற்றோர், ஈசூனில் பிள்ளை. தாய் படுக்கையில் விழுந்தால் மகள் சிங்கப்பூர்க் காரில் வந்து வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்குகிறாள். அந்தக் கார் மருத்துவமனைக்கும் மருந்துக்கடைக்குமாக ஓடுகிறது. வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் ஜொகூர் பாருவில் குடியேறி, நாள்தோறும் பாலம் தாண்டி வேலைக்குப் போகிற சிங்கப்பூரர்களும் உண்டு; அவர்களின் கார் ஒவ்வோர் இரவும் நிற்பது நம் தெருவில். ஒரு மணி நேரம் வந்து பெட்ரோல் போட்டுப் போகிறவருக்கும் இவர்களுக்கும் ஒரே வில்லை, ஒரே அபராதம், ஒரே அலட்சியம். தங்கியிருக்கும்போது அனுமதி காலாவதியானால் என்ன செய்வது, இந்தப் பக்கத்திலேயே புதுப்பிக்கலாமா, கார் பெற்றோர் பெயரில் இருந்தால் யார் விண்ணப்பிப்பது என்று நம்மிடம் கேட்கிறார்கள். பத்திரிகை அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்விகளா இவை?

ஆட்சிகள் மாறியிருக்கின்றன. முடிவெடுக்கும் மேசை மாறவில்லை. 2014 ஆகஸ்ட் 1ஐ ஜொகூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கார் ஒன்று போய்வர 2.90 ரிங்கிட்டாக இருந்த பாலத்துச் சுங்கத்தை ஒரே நாளில் 16.50 ரிங்கிட் ஆக்கினார்கள். பேருந்து ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் விடியற்காலையில் பாலத்தின் மீது நடந்தே போனார்கள். இரண்டு மாதத்தில் சிங்கப்பூரும் தன் சுங்கத்தை அதே அளவுக்கு உயர்த்தியது. சுமை இரண்டு மடங்காகி நம் தொழிலாளர் தலையிலேயே விழுந்தது. பிறகு 2018 தொடக்கத்தில், கிழக்குப் பகிர்வு நெடுஞ்சாலைக்காக வசூலித்த அந்தச் சுங்கத்தையே ரத்து செய்தார்கள். மூன்றரை ஆண்டு கட்டியவர்களுக்கு என்ன சமாதானம் சொன்னார்கள்?

2016 நவம்பரில் வெளிநாட்டுக் கார்களுக்கு 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் விதித்தார்கள். மூன்றே மாதத்தில், 2017 பிப்ரவரியில், சிங்கப்பூர் 6.40 வெள்ளி பதில் கட்டணம் போட்டது. அதைக் கட்டுகிறவர்கள் நம் நாட்டுக் கார் ஓட்டுநர்கள். இப்படி நடக்கும் என்று முன்கூட்டி நினைக்க ஒருவருமா இல்லை?

மானிய பெட்ரோல் விவகாரமும் இதே கதைதான். வெளிநாட்டுக் கார்களுக்கு ரோன்95 விற்கக் கூடாது என்ற தடை 2010லிருந்து இருக்கிறது. அதைச் செயல்படுத்தும் பொறுப்பைப் பெட்ரோல் நிலையத்தில் சம்பளத்துக்கு நிற்கும் பையன் தலையில் கட்டினார்கள். எண் பலகையில் நாடா ஒட்டி மறைத்துக்கொண்டு பெட்ரோல் நிரப்பும் சிங்கப்பூர்க் கார்களின் காணொளி கைப்பேசிகளில் சுற்றும்போதெல்லாம் ஒரு கண்டன அறிக்கை வரும். அடுத்த காணொளி வரும்வரை அதோடு சரி. விதி எழுதுவதில் இவர்களுக்கு இருக்கும் ஆர்வம், எழுதிய விதியை நடத்திக் காட்டுவதில் ஒருபோதும் இருந்ததில்லை.

எதிர்க்கரையைப் பாருங்கள். நம் கார்களுக்கு நாளொன்றுக்கு 35 வெள்ளி வாங்குகிறது சிங்கப்பூர். 2014இல் 20 வெள்ளியிலிருந்து உயர்த்தினார்கள். அப்போது நாம் கோபப்பட்டோம், இன்றும் கசக்கிறது. ஆனால் ஆண்டுக்குப் பத்து நாள் கட்டணமில்லை, வார நாளில் மாலைக்குப் பிறகு கட்டணமில்லை என்பது நம் லாரி ஓட்டுநர் வீட்டுப் பையனுக்கும் தெரியும். அறிவித்த நாளில் அமலுக்கு வரும். அதனால்தான் அங்கே நம் ஓட்டுநர்கள் வாதம் செய்வதில்லை. இங்கே சிங்கப்பூர் ஓட்டுநர்கள் கடைசி நாள்வரை காத்திருக்கிறார்கள் என்றால், காத்திருக்கப் பழக்கியவர்கள் நாம்.

இந்தத் தடுமாற்றத்தின் செலவைப் புத்ராஜெயாவில் இருக்கும் மத்திய அரசு கட்டவில்லை. ஜொகூர் பாருவின் ஜாலான் துருஸ் வட்டாரத்துப் பூக்கடைக்காரரும் துணிக்கடைக்காரரும் சாப்பாட்டுக் கடைக்காரரும் கட்டுகிறார்கள்.  சனி, ஞாயிறுகளில் கண்ணாடிக் கோயிலுக்கு வந்துவிட்டு மதியம் வாழை இலையில் சாப்பிட்டுப் போகும் குடும்பம், வில்லைக் குழப்பத்துக்கு அஞ்சி ஒரு வாரம் வராவிட்டால் அந்த வார வியாபாரம் போனது போனதுதான். ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரியில்தான் கையெழுத்தானது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நான்கு கிலோமீட்டர் ரயில் பாதை உருவாகி வருகிறது. கோடிக்கணக்கில் முதலீடு கேட்டு அழைக்கிறோம். அழைக்கும் நாட்டால் காரில் ஒட்டும் ஒரு வில்லையைச் சொன்ன தேதியில் கட்டாயமாக்க ஆறு ஆண்டு முடியவில்லை என்பதை அந்த முதலீட்டாளர்களும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

அபராதத்தை ரத்து செய்யச் சொல்லவில்லை. மறுபடி ஒத்திவைக்கவே கூடாது. இன்னொரு முறை பின்வாங்கினால் பதிந்த ஒவ்வொருவரையும் மூன்றாவது முறையாக அவமதித்ததாகும். விதியை நடத்துங்கள். நீண்ட நாள் தங்குவோருக்கும் நோயாளி வீட்டுக்கு வந்தவர்களுக்கும் மனிதத்தன்மையோடு ஒரு வழி செய்யுங்கள். கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்களை அலுவலகத்தில் உட்கார வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, 2019இல் நம் சொல்லை நம்பி வந்தவர்களின் பதிவேட்டை எடுங்கள். அவர்களின் பெயர், காரின் எண், பணம் கட்டிய நாள் எல்லாம் அமைச்சிடம்தான் இருக்கின்றன. அவர்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை இந்த மாதத்துக்குள் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.