பெருத்த வங்கி, சிறுத்த வாதம்

“சிறிய வங்கிகளின் காலம் முடிந்துவிட்டது. இனி லாபமெல்லாம் பெரிய வங்கிகளுக்கே. மிச்சமிருக்கும் 12 பொதுத்துறை வங்கிகளையும் இணைத்து நாலைந்தாக்க வேண்டும்.” வங்கி இணைப்பை ஆதரிப்பவர்கள் ஓயாமல் வைக்கும் வாதம் இது. விருதுநகர் மாவட்டத்து வன்னியம்பட்டியில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை ஒதுக்கிவிட்டு, அவர்கள் காட்டும் கணக்கையே பார்ப்போம்.

2024-25இல் ஸ்டேட் வங்கியின் நிகர லாபம் 70,901 கோடி ரூபாய். கரூர் வைஸ்யா வங்கிக்கு 1,942 கோடி, தூத்துக்குடியின் மெர்க்கன்டைல் வங்கிக்கு 1,183 கோடி, கும்பகோணத்தின் சிட்டி யூனியனுக்கு 1,124 கோடி. எவ்வளவு பணத்தைப் புரட்டி இந்த லாபம் வந்தது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். நூறு ரூபாய் சொத்துக்கு ஸ்டேட் வங்கி ஈட்டியது சுமார் 1 ரூபாய் 10 காசு. நம் மூன்று வங்கிகளும் ஈட்டியது ஒன்றரை ரூபாய்க்கு மேல். நூறாண்டு கடந்த இந்த வங்கிகளுக்குக் காலம் முடிந்துவிட்டது என்பது எந்த ஊர்க் கணக்கு?

இணைத்தால் லாபம் பெருகும் என்கிறார்கள். 2017 ஏப்ரலில் ஐந்து துணை வங்கிகளும் மகிளா வங்கியும் ஸ்டேட் வங்கியில் கரைந்தன. அந்த நிதியாண்டு முடிந்தபோது கணக்கில் நின்றது 6,547 கோடி நஷ்டம். அதற்கு வாராக்கடன்தான் காரணம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சுமையை இணைப்பு ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் முதல் நவம்பர் வரை, மினிமம் பேலன்ஸ் இல்லையென்று ஏழைகளின் கணக்கில் பிடித்த அபராதம் 1,771 கோடி. அந்த ஆண்டின் ஜூலை–செப்டம்பர் காலாண்டில் வங்கி ஈட்டிய மொத்த லாபமே 1,581 கோடிதான். பெரிய வங்கியின் திறமை என்பது இதுவா?

பெரிய வங்கி பாதுகாப்பானது என்பது அடுத்த வாதம். 2018இல் நீரவ் மோடி மோசடி அம்பலமானது பஞ்சாப் நேஷனல் வங்கியில். பெரிய பொதுத்துறை வங்கிகளில் ஒன்றான அதன் ஒரே மும்பைக் கிளையில் 13,000 கோடிக்கு மேல் போனது. கடனைக் கட்டாத கிங்ஃபிஷர் விமான நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த வங்கிக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தது ஸ்டேட் வங்கிதான்.

உடனே, சரிந்த சிறிய வங்கிக்கு உதாரணமாக லட்சுமி விலாஸ் வங்கியைக் காட்டுவார்கள். 1926 முதல் வியாபாரிகளையும் சிறுதொழிலையும் நம்பி நிலைத்த அந்தக் கரூர் வங்கி, பெரிய நிறுவனங்களுக்கு அள்ளிக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் சரிந்தது. ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்தின் முன்னாள் உரிமையாளர்களுடைய நிறுவனங்களுக்குக் கொடுத்த ஏறத்தாழ 720 கோடி அதில் பேர்போனது. 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைத்தபோது பங்குதாரர்களுக்கு ஒரு பைசா மிஞ்சவில்லை. சிறிய வங்கியாக இருந்ததால் அது அழியவில்லை. பெரிய வங்கிபோல நடக்கப் போய் அழிந்தது.

வங்கிச் சீர்திருத்தம் பற்றிய நரசிம்மம் குழுவைத் துணைக்கு அழைப்பவர்கள் அதன் அறிக்கையைப் பாதியில் மூடிவைக்கிறார்கள். 1991 அறிக்கை மூன்று நான்கு பெரிய வங்கிகளைக் கேட்டது. கூடவே வட்டார வங்கிகளும் ஊரக வங்கிகளும் தனி அடுக்காக இருக்க வேண்டும் என்றது. அந்தப் பக்கம் மட்டும் இவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

அந்த அடுக்கு சரிந்ததை நம் மாவட்டம் நேரில் பார்த்தது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மாவட்டங்களில் இயங்கியது பாண்டியன் கிராம வங்கி. 2019 ஏப்ரல் 1இல் அதையும் பல்லவன் கிராம வங்கியையும் இணைத்துத் தமிழ்நாடு கிராம வங்கி ஆக்கினார்கள். தலைமை அலுவலகம் சேலத்துக்குப் போனது. இங்கிருந்து சேலம் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். 2025 மே மாதம் ‘ஒரு மாநிலம், ஒரு கிராம வங்கி’ என்று நாடு முழுக்க 43 வங்கிகளை 28 ஆக்கினார்கள்.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்காரருக்கு நூல் விலை ஏறும் வாரத்தில் பணம் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுபவருக்குப் பண்டிகைக்கு முன்பே வேண்டும். அவர்களுடைய சொத்துப் பத்திரம் மெலிதாக இருக்கும். நாணயம் கெட்டியாக இருக்கும். அந்த நாணயத்தை அறிந்தவர் பக்கத்து ஊரில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால் கடன் கிடைக்கும். தொலைவில் இருப்பவர் பத்திரத்தைத்தான் பார்ப்பார். வங்கி கைவிரித்தால் அடுத்த வாசல் கந்துவட்டிக்காரருடையது.

2025இல் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை அடுத்தடுத்துக் குறைத்தது. ரெப்போவோடு பிணைத்த கடன்களின் வட்டி விரைவாக இறங்குகிறது, டெபாசிட் வட்டி மெதுவாகத்தான் இறங்குகிறது. அதனால் பெரிய வங்கி, சிறிய வங்கி இரண்டுக்கும் லாபம் இறுகும். அப்போது வங்கியைத் தாங்கப்போவது ஒழுங்காகத் திரும்பி வரும் சிறு கடன்கள்தான். அவற்றை இனம்காணத் தெரிந்த வங்கிகளைக் கலைத்துவிட்டு எந்த லாபத்தைக் காக்கப் போகிறார்கள்?

அரசு இனி எந்த வங்கியையும் இணைக்கும் முன், அந்த வங்கி சேவை செய்யும் மாவட்டங்களில் எவ்வளவு டெபாசிட் திரட்டியது, அதில் எவ்வளவு அந்த மாவட்டத்துக்கே கடனாகத் திரும்பியது, இணைப்புக்குப் பின் எவ்வளவு திரும்பும் என்ற கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டும். அதை வைக்காதவரை, ஊரின் சேமிப்பை ஊரிலிருந்து பறிக்கும் வேலைக்கே இணைப்பு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்றுதான் நாம் கொள்ள வேண்டும்.